இமை கொட்டாமல் காவல் காக்க முடியாது

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு மாதம். மூன்றரை மாதம் வரை எல்லாத் தடுப்பூசியும் போட்டோம். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் சளி, இருமல் என்று தள்ளிப்போனது. தட்டம்மை ஊசி போட வேண்டிய சமயத்தில், அதனால் ஆட்டிசம் வரும் என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டோம். போன மாதம் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்ததில் சூடான காபி கவிழ்ந்து அவன் முன்கை வெந்துவிட்டது. ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. "ஒரு பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியலையே" என்கிறார் மாமியார். "இனிமே ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்காதே" என்கிறார் கணவர். நான் இப்போது ஆறு மாதக் கர்ப்பம். விட்டுப்போன ஊசிகளை முதலிலிருந்து போட வேண்டுமா? ஒரே நாளில் மூன்று, நான்கு ஊசி தாங்குவானா? அடிபடாமல் இவனை எப்படிப் பார்த்துக்கொள்வது? பால் நன்றாகக் குடிக்கிறான், ஓடியாடுகிறான். நோயே இல்லாத பிள்ளையை டாக்டரிடம் எதற்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்காமல் பதினாறு மாதப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. உங்களால் முடியாது, ஆறு மாதக் கர்ப்பத்தில் சத்தியமாக முடியாது. மாமியாராலும் முடியாது, கணவராலும் முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரிடம் பையனை விட்டுப் பாருங்கள். வெந்த கையோடு என்னிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது நடந்தபோது பெரியவர் ஒருவர் அதே அறையில்தான் இருந்திருக்கிறார். விரிப்பு இழுபட்டுக் கோப்பை கவிழ ஒரு நொடி போதும். நீங்கள் எழுந்து எட்டிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே "கவனமாக இரு" என்பது நல்ல எண்ணமே தவிர பாதுகாப்பு ஏற்பாடு இல்லை. உங்கள் கவனம் சிதறுகிற நேரத்திலும், நீங்கள் தூங்குகிற நேரத்திலும் வேலை செய்வதுதான் ஏற்பாடு. அந்த விரிப்பை மேசையிலிருந்து எடுத்துவிட்டால் அது ஏற்பாடு. தடுப்பூசியும் அப்படித்தான். ஒரு தடவை உட்கார்ந்து போட்டுக்கொண்டால் அப்புறம் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் எனக்கு இந்த ஒரே இடத்திலிருந்துதான் பதில் வருகிறது.

முதலில் ஊசி. முதலிலிருந்து போட வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்ட டோஸ் எதுவும் வீணாகவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை நினைவில் வைத்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு டோஸுக்கு நடுவே இடைவெளி கூடிப்போனால் மறுபடி தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இடைவெளி குறையக் கூடாது என்பதுதான் விதி, கூடினால் பரவாயில்லை. ஆனால் அந்தக் கூடுதல் மாதங்களில் பிள்ளை பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சில தடுப்பூசிகளுக்கு வயது ஏற ஏறத் தேவையான டோஸ்களின் எண்ணிக்கை குறையும். வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்து மாதிரி ஒன்றிரண்டை வயது கடந்துவிட்டால் பல நாடுகளில் கொடுப்பதில்லை. இதையெல்லாம் நீங்கள் கணக்குப் போட வேண்டாம். பழைய அட்டையை எடுத்துப் போனால் அதைப் பார்த்து உங்கள் மருத்துவர் ஒரு புது அட்டவணை எழுதித் தருவார்.

சளி இருமலுக்காகத் தள்ளிப்போட்டதைச் சொன்னீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். மூக்கு ஒழுகாத நாளாகப் பார்த்துப் போடலாம் என்று காத்திருந்தால் ஊசியே போட முடியாது. லேசான சளி, லேசான காய்ச்சல், இரண்டு தடவை வயிறு போவது, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது, இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. நன்றாகச் சோர்ந்து படுத்திருக்கிற அளவுக்கு நோய் என்றால் தள்ளிப்போடலாம். முன்பு அதே தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறியிருந்தால் அதை மறுபடி போடக் கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் கடுமையாகக் குறைக்கிற நோயோ மருந்தோ இருக்கிற குழந்தைகளுக்குத் தட்டம்மை போன்ற, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். உண்மையான தடைகள் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஒரே நாளில் மூன்று, நான்கு ஊசி தாங்குவானா? தாராளமாகத் தாங்குவான். தரையைத் துழாவி விரலை வாயில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் உடம்பு சந்திக்கிற கிருமிகளோடு ஒப்பிட்டால் இந்த ஊசிகளில் இருப்பது மிகக் கொஞ்சம். நம் தாத்தா பாட்டி காலத்தில் பெரியம்மைக்குப் போட்ட அந்த ஒரே தடுப்பு மருந்தில் சுமார் 200 வகைப் புரதங்கள் இருந்தன. இன்றைய ஹெபடைட்டிஸ் பி ஊசியில் ஒன்றே ஒன்று, டெட்டனஸ் ஊசியில் ஒன்றே ஒன்று. ஊசிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதே தவிர உடம்புக்குக் கொடுக்கிற வேலை கூடவில்லை. தவிர, ஊசியாகப் போடும் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் இரண்டை ஒரே நாளில் போட வேண்டும். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். நாளைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று பிரித்தால் அழுகையும் பயணமும்தான் கூடும். அதில் ஒரு நாளாவது மறுபடி சளி வரும், மறுபடி தள்ளிப்போகும். உங்கள் கதை அப்படித்தானே ஆனது?

வலியைக் குறைக்க வழி இருக்கிறது. மேசைமேல் படுக்க வைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க விடாதீர்கள். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் ஊசி போடும்போதே கொடுக்கலாம், நன்றாக வேலை செய்யும். அதிகம் வலிக்கிற ஊசியைக் கடைசியாகப் போடச் சொல்லலாம். போட்ட பிறகு கால் மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள், அரை மணி என்றால் இன்னும் நல்லது. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்கிற அளவில்தான் வரும். வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே வந்துவிடும், அதற்கான மருந்தும் அங்கேயே இருக்கும்.

காய்ச்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் பயந்து அடுத்த ஊசிக்கு வராமல் போகிறார்கள். முத்தடுப்பு ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல் ஓரிரு நாளில் வந்து போய்விடும். தட்டம்மை ஊசிக்கு அப்படி இல்லை. ஏழிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள், நீங்கள் ஊசியையே மறந்திருக்கும்போது, காய்ச்சலும் சில சமயம் லேசான தடிப்பும் வரலாம். அதற்கு முன்பே தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள். பாரசிட்டமாலை எடைக்கு ஏற்பக் கொடுங்கள். பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று படித்துப் பாருங்கள், சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தியில் இருக்காது. காய்ச்சல் வருவதற்கு முன்பே "எதற்கும் இருக்கட்டும்" என்று கொடுக்க வேண்டாம், அது ஊசியின் பலனைச் சற்றுக் குறைக்கக்கூடும். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது.

சரி, ஆட்டிசம். அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை, ஆனால் அது எங்கிருந்து முளைத்தது என்று தெரியும். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இருந்தது மொத்தம் பன்னிரண்டு குழந்தைகள். பிறகு விசாரணை நடந்தது. 2010இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், தட்டம்மை அடங்கிய ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் வரும் வாய்ப்பில் வித்தியாசமே இல்லை. பிறகு ஏன் இத்தனை பெற்றோர் "ஊசிக்கு அப்புறம்தான்" என்கிறார்கள்? பொய் சொல்வதில்லை. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதெல்லாம் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் கண்ணில் படத் தொடங்கும். அதே மாதங்களில்தான் இந்த ஊசியும் வருகிறது. ஊசியே போடாத பிள்ளைக்கும் அந்த வயதில்தான் தெரியவரும்.

பயப்படத்தான் வேண்டுமென்றால் தட்டம்மைக்குப் பயப்படுங்கள். நமக்குத் தெரிந்த தொற்றுகளில் இவ்வளவு வேகமாகப் பரவுபவை மிகச் சில. தட்டம்மை உள்ள ஒருவர் இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அதனால் "நோயாளியிடமிருந்து விலகி இருக்கிறோம்" என்பது நடக்காத காரியம். நிமோனியா, மூளையழற்சி இவை போக, உடம்பு அதுவரை மற்ற நோய்களுக்குச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பையும் தட்டம்மை கணிசமாக அழித்துவிடுகிறது. காய்ச்சல் போன பிறகும் பல மாதங்கள் பிள்ளை வேறு வேறு தொற்றுக்கு ஆளாவது அதனால்தான். இரண்டு டோஸ் போட்ட நூறு பேரில் சுமார் 97 பேருக்கு இது வராது. நீங்கள் கர்ப்பமாக இருப்பதால் பையனுக்குப் போடக் கூடாதோ என்று யாராவது சொல்லலாம். போடலாம், உங்களுக்கு அதனால் ஆபத்து இல்லை. அந்த ஊசியை இப்போது உங்களுக்குத்தான் போடக் கூடாது.

ஆறு மாதக் கர்ப்பம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் அதுதான் பெரிதாகப் பட்டது. பிறக்கப்போகிற குழந்தைக்குக் கக்குவான் இருமல் மிக ஆபத்தானது. முதல் மூன்று மாதத்தில் அது பெரும்பாலும் இருமலாகவே தெரியாது. குழந்தை திடீரென்று மூச்சை நிறுத்தும், உதடு நீலமாகும். அந்த வயதில் அதன் சொந்தத் தடுப்பூசி இன்னும் தொடங்கியே இருக்காது, அல்லது ஒரு டோஸ்தான் போயிருக்கும். கிருமி பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. பூஸ்டர் போடாத அண்ணன், "இது வெறும் வறட்டு இருமல்" என்று நினைக்கும் பெரியவர், இவர்கள்தான் கொண்டுவருவார்கள். பல நாடுகளில் கர்ப்பத்தின் 27ஆம் வாரத்திலிருந்து 36ஆம் வாரத்துக்குள் தாய்க்கே கக்குவான் தடுப்பு அடங்கிய ஊசி போடுகிறார்கள். தாயின் எதிர்ப்பணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், அது பிறக்கும்போதே கொஞ்சம் காவலோடு பிறக்கிறது. உங்களுக்கு அந்த வாரங்கள் வரப்போகின்றன. அடுத்த பரிசோதனையில் மறக்காமல் கேளுங்கள்.

இப்போது அடிபடுவதைப் பற்றி. 1960களில் அமெரிக்காவில் வில்லியம் ஹாடன் என்ற மருத்துவர் சாலை விபத்துகளை ஆராய்ந்தார். ஓட்டுநரைத் திட்டுவதை விட்டுவிட்டு, காரையும் சாலையையும் மாற்றினால் என்ன என்று கேட்டார். தவறு நடக்கத்தான் செய்யும், நடந்தால் உடம்பு சிதையாத மாதிரி செய்து வையுங்கள் என்பது அவர் வாதம். வீட்டுக்கும் இதேதான். "மருந்தைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள்" என்று எத்தனையோ வருடம் தாய்மாருக்குப் புத்தி சொல்லிப் பெரிய பலன் இல்லை. 1970இல் அமெரிக்காவில் குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்புறம்தான் மாத்திரையை விழுங்கி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. புத்தியைவிட மூடி அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

அதனால் நாள் முழுக்கப் பையன் பின்னால் ஓடுவதற்குப் பதில், ஒரு மணி நேரம் ஒதுக்கி வீட்டை மாற்றுங்கள். இதைக் கணவர் செய்யட்டும், உங்களுக்குக் குனிய முடியாது. தரையில் மண்டியிட்டு, பையன் கண் இருக்கிற உயரத்தில் ஒவ்வொரு அறையாகத் தவழ்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நின்று பார்க்கிறவருக்குத் தெரியாதவை அங்கே தெரியும்: சமையல் மேடை விளிம்பில் தொங்கும் கெட்டில் வயர், அடுப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாணலிப் பிடி, சோபாவுக்கு அடியில் உருண்டு கிடக்கும் நாணயம்.

சூட்டில் கொஞ்சம் நிற்கிறேன், உங்களுக்கு நடந்தது அதுதான் என்பதால். குழந்தையின் தோல் மெல்லியது. நீங்கள் "ஆறிவிட்டது" என்று குடிக்கிற காபி அவன் கையைப் பொசுக்கும். போட்டுக் கால் மணி நேரம் ஆன பிறகும் ஒரு கோப்பைக்கு அந்தச் சூடு இருக்கும். விரிப்பை எடுத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சூடானது எதையும் குடிக்காதீர்கள். அடுப்பில் பின்பக்க பர்னரைப் பயன்படுத்தி, பிடிகளை உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள். குளிக்கத் தண்ணீர் கலக்கும்போது முதலில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் சுடுநீர். வாட்டர் ஹீட்டரில் வெப்பத்தைக் குறைத்து வைக்கிற வசதி இருந்தால் 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக விடாதீர்கள். 60 டிகிரியில் சில நொடியிலேயே ஆழமாக வெந்துவிடும், 49இல் பல நிமிடம் பிடிக்கும். அந்த நிமிடங்களில் பிள்ளையைத் தூக்கிவிடலாம்.

மீண்டும் நேர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவது. இருபது நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். போன மாதம் என்ன தடவினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இந்த வயதுப் பிள்ளை மூழ்க ஆறோ குளமோ தேவையில்லை, வாளியில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். தலை கனம், கை பலம் இல்லை. குனிந்து விழுந்தால் வாளியோடு கவிழாமல், தலைகீழாகவே மாட்டிக்கொள்வான். சினிமாவில் வருவதுபோல் கத்துவதோ கையை அடிப்பதோ இருக்காது, சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். அதனால் "சத்தம் கேட்டால் ஓடுகிறேன்" என்ற கணக்கு இங்கே செல்லாது. வாளியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவை எட்டாத உயரத்தில் தாழ் போடுங்கள். குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும், எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஈரப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய நேரம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்றால் அது பிள்ளை தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிற நேரம்தான். அப்போதும் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் பட்டன் பேட்டரி. ரிமோட், எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கு எரியும் பொம்மை என்று எதிலும் இருக்கும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் அங்கேயே மின்னோட்டம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்தில் சதையை அரித்துத் துளை போடத் தொடங்கிவிடும். தீர்ந்துபோனது என்று நீங்கள் கழற்றி வைத்த பேட்டரியிலும் அதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சம் இருக்கும். அறிகுறி என்னவோ வெறும் எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, லேசான இருமல். சளி என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொள்வீர்கள். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் போதும், எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உங்கள் பையனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அரிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும். தேனைத் தேடி நேரம் போக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் எதற்காகவும் கூடாது. பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இல்லாத பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

உங்கள் மாமியாரிடம் ஒன்று கேட்க வேண்டும், பழி வாங்குவதற்காகக் கேட்கச் சொல்லவில்லை. அவர் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா? அதை எங்கே வைக்கிறார்? தலையணைக்கு அடியில், கைப்பையில், நாள்வாரியாகப் பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் என்றால், அந்த டப்பாவைக் குழந்தையால் சுலபமாகத் திறக்க முடியும். சில வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று ஒரு சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரையை உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்கு இறக்கிவிடும், அதுவும் பல மணி நேரம் கழித்து. பூட்டுகிற அலமாரி, உயரத்தில். மருந்தை "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். துடைக்கும் திரவம், எண்ணெய் எதையும் குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் நான்கு வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்கி எறியுங்கள். ஜன்னல் கம்பிகளின் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது, கொசு வலை பிள்ளையைத் தாங்காது. டிவியையும் இழுப்பறை அலமாரியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் உட்கார வைக்கும் வாக்கரை அடுத்த குழந்தைக்காகப் பத்திரப்படுத்தியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அது நடக்கவும் கற்றுத் தராது. படிக்கட்டில் உருட்டிவிடும் என்பதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. காரில் மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பே இல்லை. மோதும் வேகத்தில் எவராலும் பிள்ளையைப் பிடித்திருக்க முடியாது. பின்சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையில், இரண்டு வயது வரையாவது உட்காரட்டும். பிறக்கப்போகிற குழந்தையை மல்லாந்து மட்டும் தூங்க வையுங்கள், உறுதியான தட்டையான படுக்கையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல். சோபாவில் குழந்தையோடு கண் அசந்துவிடுவது எல்லாவற்றிலும் மோசம்.

கடைசியாக, நோயில்லாத பிள்ளைக்கு டாக்டர் எதற்கு என்ற கேள்வி. "பால் நன்றாகக் குடிக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு? இந்த வயதில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. கொழுகொழுவென்று, சிரித்துக்கொண்டு, வெளுத்துப்போய் ஒரு பிள்ளை என் முன்னால் உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ரத்தசோகை மெதுவாக வருவதால் வீட்டில் தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இரவில் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குகிறான் என்றால் முன்பற்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் பல் அரிக்கத் தொடங்கிவிட்டது.

நல்ல பரிசோதனை என்றால் எடை பார்த்து அனுப்புவது மட்டும் இல்லை. எடை, உயரம், தலைச்சுற்றளவு மூன்றையும் வளர்ச்சிக் கோட்டில் குறிக்க வேண்டும். ஒரு நாள் எண்ணைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் செய்தி. காது கேட்கிறதா, இரண்டு கண்ணும் ஒன்றாக நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள், அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, பதினெட்டு மாதத்துக்குள் தனியாக நடக்கிறானா என்றும் கேட்பார்கள். ஆட்டிசம் பற்றிய உங்கள் பயத்தைச் சொல்ல வேண்டிய இடமும் அதுதான். பதினெட்டு, இருபத்துநான்கு மாதங்களில் அதற்கென்றே சில கேள்விகள் கேட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது.

இந்த வாரமே போங்கள். அட்டை, பையன் சாப்பிடுகிற மருந்துகளின் பெயர், அந்தக் கைத் தழும்பு மூன்றையும் காட்டுங்கள். தழும்பு தடித்துக்கொண்டோ மணிக்கட்டை மடக்க விடாமல் இழுத்துக்கொண்டோ வந்தால் இப்போதே பயிற்சியும் சிகிச்சையும் தொடங்க வேண்டும். மூக்கு ஒழுகினாலும் போங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். குழந்தை பிறக்கும் முன் அவரும் உங்கள் கணவரும் கக்குவான் பூஸ்டர் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று அவர்களே அங்கே கேட்டுக்கொள்ளட்டும்.